சமனாய்ப் போட்ட புள்ளி

யோகலிங்கம் மாஸ்டரைப் போல நேர்மையான மனிசன் இல்லையெண்டு செட்டிகுளம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிஞ்ச ஒரு வருசம் இருந்தது. நான் அவரின்ர பெண்சாதி, ஜெகதீஸ்வரி. சனம் புகழப் புகழ அந்த மனிசன் சாப்பாடு இறங்காமல் மெலிஞ்சு போனதைப் பக்கத்தில இருந்து பாத்தவள் நான். புகழைக் கேட்டு மெலிஞ்ச ஆளை நீங்கள் எங்கையும் கண்டிருக்கிறீங்களோ? எங்கட வீட்டில ஒண்டு இருந்தது.

அவரின்ர தாய் தேப்பன் வடமராட்சிப் பக்கம். பாவற்குளத்துக்குக் கீழ காணி குடுக்கினம் எண்டு கேள்விப்பட்டு வந்து காடு வெட்டின ஆக்கள். இவர் இஞ்சைதான் பிறந்தவர். படிச்சு, ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில விளையாட்டு வாத்தியாரானவர். விடிய வயல், பிறகு பள்ளிக்கூடம், பின்னேரம் திரும்பவும் வயல். வாய்க்கால் பொறுப்பும் அவரிட்டத்தான் இருந்தது. சிறுபோகம் எண்டா குளத்தில தண்ணி காணாது. முறை வைச்சுத்தான் விடுறது. உன்ர வயலுக்கு எவ்வளவு நேரமோ, பக்கத்து வயலுக்கும் அவ்வளவு நேரம். மேட்டு வயலோ பள்ளமோ, பயிர் வாடிக் கிடக்குதோ செழிச்சு நிக்குதோ, அந்தக் கதை இல்லை. ஆரும் மண்வெட்டியோட சண்டைக்கு வந்தா இவருக்கு ஒரே பாட்டுத்தான்.

"எல்லாருக்கும் சமனாய்க் குடுத்தா ஒருத்தரும் கதைக்க ஏலாது."

தண்ணிக்கு அது சரிதான், நான் இல்லையெண்டு சொல்லேல்ல. அந்த வாய்க்கால்ல ஒரு வெட்டுக்குத்து நடக்கேல்ல எண்டா அது இவராலதான். ஆனா மனிசன் அதை வீட்டுக்கும் கொண்டு வந்திட்டுதே! ஒருக்கா ஒரு மாம்பழம். எனக்கும் மகள் யதுர்ஷிகாவுக்கும் தனக்கும் அளந்து அளந்து வெட்டிப்போட்டு, மிஞ்சின கொட்டையை ஆர் சூப்புறதெண்டு முடிவெடுக்க ஏலாமல் கோழிக்கு எறிஞ்சார். எனக்கு வந்த கோபத்துக்கு, "இனி மாம்பழம் வெட்டுறதெண்டா என்னைக் கேளுங்கோ, விசர் மனிசன்" எண்டு பேசினனான். சிரிச்சுக்கொண்டு போட்டார்.

ரெண்டாயிரத்து நாலாம் ஆண்டு அவரை கல்வி வலயத்து உடற்பயிற்சிப் போட்டிக்கு நடுவராய்ப் போட்டவை. ஓட்டம் பாய்ச்சல் எண்டா நாடாவும் மணிக்கூடும் சொல்லும் ஆர் வெண்டதெண்டு. இது அப்பிடி இல்லை. பிள்ளையள் அணியாய் வந்து, விசிலுக்கும் மேளத்துக்கும் குனிஞ்சு நிமிந்து, வளையத்தோட பயிற்சி செய்து காட்டுவினம். மூண்டு நடுவர் மேசையில இருந்து, கண்ணுக்கு எப்பிடித் தெரியுதோ அப்பிடிப் புள்ளி போடுவினம். நூறுக்கு இவ்வளவு எண்டு. அவையளின்ர கண்ணும் மனமும்தான் அளவுகோல்.

இவரின்ர பள்ளிக்கூடத்தில அணி இல்லை. அதாலதான் இவரைப் பிடிச்சவை. ஆனா எங்கட யதுர்ஷிகா படிக்கிற பெரிய பள்ளிக்கூடத்து அணி இருந்தது. அவளும் அதில நிண்டவள். அதுக்கு எதிரே, முஸ்லிம் பள்ளிக்கூடத்து அணி. அதுக்குத் தலைவி ஷிஹானா, ஜவாஹிர் நானாவின்ர மகள்.

ஜவாஹிர் நானாவைப் பற்றிச் சொல்ல வேணும். முல்லைத்தீவுப் பக்கத்து ஆள். தொண்ணூறில இயக்கம் அங்கத்தை முஸ்லிம் சனத்தை உடுத்த உடுப்போட போகச் சொல்லிக் கலைச்ச நேரம், புத்தளத்துக்குப் போய்க் கொட்டிலுக்க கிடந்து, பிறகு செட்டிகுளத்துக்கு வந்து கடை போட்டவர். எங்கட நெல்லை அவர்தான் எடுக்கிறவர். நல்ல வாய், நல்ல மனம். ஆனாலும் பாருங்கோ, எங்களுக்கு அவரோட கதைக்கேக்க ஒரு கூச்சம் இருக்கும். நாங்கள் கலைக்கேல்ல. ஆனா எங்கட பேரைச் சொல்லித்தானே கலைச்சவங்கள். சண்டை நிப்பாட்டியிருந்த சமாதான காலம் வேற. ஒருத்தரை ஒருத்தர் நோகப் பண்ணிப் போடக்கூடாதெண்டு எல்லாரும் முள்ளுக்கு மேல நடக்கிற மாதிரி நடந்த காலம்.

ஷிஹானா உயர்தரம் படிச்சுக்கொண்டிருந்தவள். அவளுக்கு விளையாட்டு ஆசிரியையாய் வர ஆசை. மாகாணப் போட்டிக்குப் போன சான்றிதழ் இருந்தா கல்வியியற் கல்லூரி நேர்முகத்தில நல்லாக் கைகுடுக்கும். "கல்லூரி கிடைச்சா நான் தலைகீழா நிண்டெண்டாலும் அனுப்புவன். கிடைக்கேல்ல எண்டா புத்தளத்தில மாப்பிள்ளை வந்து நிக்கிறான், நான் என்ன செய்ய?" எண்டு நானா கடையில வைச்சு எல்லாருக்கும் சொல்லுவார். வலயத்தில முதலாமிடம் வாற அணிதான் திருகோணமலைக்கு மாகாணப் போட்டிக்குப் போறது. அந்தப் பிள்ளைக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு இடம்.

போட்டி அண்டு நான் வயலில களை பிடுங்கிக்கொண்டு நிண்டனான். பின்னேரம் மகள் கப்போட துள்ளிக்கொண்டு வந்தாள். "அம்மா, நாங்கள் திருகோணமலை போறம்!" எனக்குத் தலைகால் தெரியேல்ல. இந்த மனிசன் சைக்கிளை மரத்தில சாத்திப்போட்டு, "நல்லாச் செய்தனியள்" எண்டு மட்டும் சொல்லிக் கிணத்தடிக்குப் போனார். களைப்பாக்கும் எண்டு நினைச்சன்.

நடந்தது என்னெண்டா, ரெண்டு அணிக்கும் மொத்தப் புள்ளி சமன். இவரோட ரெண்டு பேர் நடுவராய் இருந்தவை. பழனியாண்டி மாஸ்டர் எங்கட பிள்ளையளுக்குக் கொஞ்சம் கூடப் போட்டவர். அன்னபாக்கியம் ரீச்சர் அதே அளவு மற்ற அணிக்குக் கூடப் போட்டவா. இவர் ரெண்டு அணிக்கும் ஒரே புள்ளி. சமன் எண்டு வந்தா உடைக்குப் போட்ட புள்ளியைப் பாக்கிறது விதி. ஷிஹானாவின்ர பிள்ளையள் வெள்ளைக் காற்சட்டையும் வெள்ளை முக்காடும் போட்டிருந்தவை. ஆனா அதுகள் ஒண்டொண்டும் ஒவ்வொரு நேரம் வாங்கின துணி. அதோட எங்கட பக்கத்துக் கிணத்துத் தண்ணியில தோய்ச்சா வெள்ளை எப்பிடி வெள்ளையாய் நிக்கும்? சிலது பழுப்பு, சிலது மஞ்சள். அதில குறைஞ்சு போச்சுது. எங்கட பிள்ளையளின்ர எல்லாம் அந்த வருசம் தைச்ச புது உடுப்பு.

அடுத்த கிழமை தொடக்கம் பாருங்கோ, இவருக்குப் புகழ். "தன்ர சொந்த மகள் நிக்கிற அணிக்கும் மற்ற அணிக்கும் ஒரே புள்ளி போட்டிருக்கிறார் மனிசன்! ஆர் செய்வினம்?" எண்டு சந்தியில கதை. எங்கட ஆக்களுக்கும் சந்தோசம், அவையளுக்கும் சந்தோசம். ஜவாஹிர் நானா கடையால இறங்கி வந்து இவரின்ர கையைப் பிடிச்சவர்.

"மாஸ்டர், நாங்க தோத்தது எங்கட உடுப்பால. அதுக்கு நீங்க என்ன செய்வீங்க? நீங்க நீதியான மனுசன். அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்வான்."

இவரின்ர முகத்தில ஈயாடேல்ல. கையை இழுத்து எடுத்துக்கொண்டு, உர மூட்டையும் வாங்காமல் வந்திட்டார். நான் "உரம் எங்கையப்பா?" எண்டு கேக்க, "மறந்து போனன்" எண்டார். உரம் வாங்கப் போன ஆள் உரத்தை மறந்து வந்ததைப் பாத்து எனக்கு அண்டைக்கே பொறி தட்டியிருக்க வேணும்.

ஆவணி மாதம் ஏதென்ஸில ஒலிம்பிக். நானாவின்ர கடையில ரீவி இருந்தது. பின்னேரத்தில திருப்பிக் காட்டுறதைப் பாக்க ஒரு கூட்டம் நிக்கும். ஒருநாள் நெல் விலை கதைக்கப் போன நாங்கள் ரெண்டு பேரும் தேத்தண்ணியோட இருந்து பாத்தம். ஒரு ரஷ்யாக்காரன் கம்பியில தொங்கி, கையை விட்டுப் பறந்து, திரும்பப் பிடிச்சுக் கூத்தெல்லாம் காட்டினான். புள்ளி விழுந்துது, குறைவாய். உடன சனம் கூவத் தொடங்கிச்சுது பாருங்கோ, நிப்பாட்டேல்ல. அடுத்த ஆள் ஏற ஏலாமல் நிக்கிறான். கடைசியில நடுவர்மார் கூடிக் கதைச்சு, புள்ளியை மாத்திக் கொஞ்சம் கூட்டிப் போட்டினம். அதுக்கும் சனம் அடங்கேல்ல. அந்தப் புள்ளி குறைஞ்ச ஆளே வந்து நிண்டு, கையைக் காட்டிச் சனத்தை அமைதியாய் இருக்கச் சொன்னான். பதக்கமும் அவனுக்குக் கிடைக்கேல்ல.

"இவனுகளுக்கு நம்மட மாஸ்டரைத்தான் அனுப்ப வேணும்!" எண்டார் நானா. கடை முழுக்கச் சிரிப்பு. ஷிஹானாவும் கதவடியில நிண்டு சிரிச்சாள். இவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பாத்துக்கொண்டிருந்தார். அதில ஆடை படிஞ்சு கிடந்தது, ஒரு மிடறும் குடிக்கேல்ல.

வீட்டுக்குப் போற வழியில, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தம். குளக்கட்டில ஏறினவுடன சொன்னார்.

"ஜெகதீஸ், அந்தப் பிள்ளையள்தான் வெண்டது."

"எந்தப் பிள்ளையள்?"

"ஷிஹானாவையள். எங்கட பிள்ளையள் நல்லாச் செய்தவை. ஆனா அவையள் செய்தது வேற. அத்தனை பிள்ளையளும் ஒரு ஆள் செய்யிற மாதிரி. வளையம் கீழ வைக்கிற சத்தம்கூட ஒரே சத்தமாய்க் கேட்டது. நான் இத்தனை வருசத்தில அப்பிடிப் பாக்கேல்ல."

"அப்ப ஏன் போடேல்ல?"

"அவைக்குக் கூடப் போட்டா எங்கட ஆக்கள் கதைப்பினம், நானாவுக்கு வாலாட்டுறான் எண்டு. எங்கட பிள்ளையளுக்குக் கூடப் போட்டா அவையள் கதைப்பினம், மகளுக்குப் போட்டான் எண்டு. சமனாய்ப் போட்டா ஒருத்தரும்..."

எனக்கு வந்துதே கோபம்! "நீங்கள் என்ன, தண்ணியே பங்கிடப் போனனீங்கள்?" எண்டு கத்தினன். "சமனாய்ப் பங்கிடுறதுக்கு உங்களை ஏன் கூப்பிட்டவை? அதுக்கு ஒரு தராசு காணுமே! கண் இருக்கெண்டுதானே கூப்பிட்டவை!"

மனிசன் குனிஞ்சுகொண்டு நடந்தார். சைக்கிள் சங்கிலிச் சத்தம் மட்டும் கேட்டது. நானும் கத்திப்போட்டு, வீட்டில அலுமாரிக்கு மேல இருக்கிற கப்பை நினைச்சுக்கொண்டு வந்தன். மகள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதைத் துடைச்சு வைக்கிறவள். அவளுக்கு எப்பிடிச் சொல்லுறது?

"போய் நானாட்டச் சொல்லுங்கோ" எண்டு எத்தினை தரம் சொன்னன்! அறுவடை முடியட்டும் எண்டார். பிறகு, அவையளுக்கு நோன்பு வருது, அந்த நேரம் வேண்டாம் எண்டார். பிறகு சுனாமி வந்து, முல்லைத்தீவில இருந்த நானாவின்ர பழைய ஊர்ச் சனமும் எங்கட சனமும் அள்ளுண்டு போக, இந்தக் கதையை ஆர் கதைக்கிறது? சாட்டுக்குப் பஞ்சமே! சொல்லாமல் விட்டதுக்குப் பதிலாய் நானா வீட்டுக்குப் பூசணிக்காய் குடுத்து விடுவார். கத்தரிக்காய் குடுத்து விடுவார். நோன்புப் பெருநாளுக்கு ஹாலிதா, அதுதான் நானாவின்ர மனிசி, எங்களுக்கு வட்டிலாப்பம் அனுப்பி வைச்சா. அதை வாயில வைச்சவர் விழுங்க ஏலாமல் எழும்பிப் போட்டார். நான் மிச்சத்தையும் சாப்பிட்டன். ஏன் பொய் சொல்லுவான், நல்ல ருசி.

இதுக்கிடையில எங்க பாத்தாலும் இவரைத்தான் நடுவராய்க் கேக்கிறது. பள்ளிக்கூடங்களின்ர இல்ல விளையாட்டுப் போட்டியில எந்த இல்லத்தின்ர சோடனை வடிவு, விநோத உடையில எந்தப் பிள்ளைக்குப் பரிசு, எல்லாத்துக்கும் யோகலிங்கம் மாஸ்டர். "நீங்கள் வந்தா ஒருத்தரும் கதைக்க மாட்டினம் சேர்" எண்டு சொல்லிக் கூப்பிடுவினம். அந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் சுருங்கும். போகாமலும் இருக்க ஏலாது, ஏன் எண்டு கேப்பினம்.

அடுத்த வருசமும் வலயப் போட்டி வந்துது. திரும்பவும் இவர்தான். ஷிஹானாவுக்குப் பள்ளிக்கூடத்தில அதுதான் கடைசி வருசம், கடைசிச் சந்தர்ப்பம். எங்கட யதுர்ஷிகாவும் அந்த முறையும் நிண்டவள். இந்தமுறை நான் வயலுக்குப் போகேல்ல. வேலியோரம் குடையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். விடியவே இவரிட்டச் சொல்லி விட்டனான், "இண்டைக்கு அந்தப் பிள்ளைக்குப் போட்டுத் துலையுங்கோ. என்ர பிள்ளை தோத்தாலும் காரியமில்லை."

எங்கட பிள்ளையள் முதல் செய்தவை. பிழை இல்லாமல் செய்தவை. பிறகு ஷிஹானாவின்ர அணி வந்துது. ஐயோ, எல்லாரும் ஒரே வெள்ளை! நானா ஒரே கட்டுத் துணியில எல்லாப் பிள்ளையளுக்கும் தைச்சுக் குடுத்திருக்கிறார். நல்லாத்தான் தொடங்கினவை. நடுவில வலப்பக்கம் திரும்பி வளையத்தை விரிக்கிற இடம். முன்னுக்கு நிண்ட ஷிஹானா இடப்பக்கம் திரும்பிப்போட்டாள். அவளைப் பாத்து அரைவாசி இடப்பக்கம், மிச்சம் வலப்பக்கம். ரெண்டு பிள்ளையளின்ர வளையம் ஒண்டோடொண்டு கொழுவி விழுந்துது. மைதானம் முழுக்க "ஆ..." எண்டு ஒரு சத்தம். அவள் உடனே திருத்தி முடிச்சாள். ஆனா முகம் செத்துப் போச்சுது.

நான் நடுவர் மேசையைப் பாத்தன். இவர் பேனையைப் பிடிச்சுக்கொண்டு குனிஞ்சிருக்கிறார். எழுதிறார் இல்லை. மற்ற ரெண்டு பேரும் எழுதி முடிச்சிட்டினம். போடுங்கோ, போடுங்கோ எண்டு நான் மனசுக்க கும்பிட்டுக்கொண்டு நிண்டன். கடைசியில எழுதினார்.

எங்கட அணி முதலாமிடம். எல்லா நடுவருமே ஷிஹானாவின்ர அணிக்குக் குறைச்சுத்தான் போட்டவை, இவரும்தான். ஆனா சனம் இவரைத்தான் பிடிச்சுது. "இந்தமுறை மகளுக்குப் போட்டிட்டான் பாத்தியோ? போன வருசம் காட்டினது நடிப்பு" எண்டு எனக்குப் பின்னால நிண்டே கதைச்சவை. நானா இவரைக் கடந்து போகேக்க நிலத்தைப் பாத்துக்கொண்டு போனார். அந்த மனிசன் ஒருநாளும் அப்பிடிப் போனதில்லை.

வீட்டுக்கு வந்து நான் பாய்ஞ்சன். "ஒருக்காப் பிழையாய்ப் போடத் தெரிஞ்ச கைக்கு இன்னொருக்காப் போடத் தெரியாதோ?"

"அண்டைக்கு விடாத தண்ணியை இண்டைக்கு விட்டா அந்தப் பயிர் எழும்புமே ஜெகதீஸ்? இண்டைக்கு ஒழுங்காய்ச் செய்த பிள்ளையளின்ர வயல்தான் அள்ளுப்படும்" எண்டார். சொல்லிப்போட்டு, "நாளைக்கு நானா வீட்டை போவம். நீயும் வா, தனிய எனக்குப் பயமாயிருக்கு" எண்டார். அம்பது வயசு மனிசன், பயமாயிருக்கெண்டு சொல்லிச்சுது.

போனம். நானா "வாங்க மாஸ்டர்" எண்டார், குரலில உப்புச் சப்பில்லை. தேத்தண்ணிக்குச் சொல்லேல்ல. குசினிக்க ஹாலிதா ஏதோ தாளிக்கிற சத்தம். ஷிஹானா ரெண்டு கதிரை கொண்டு வந்து போட்டாள். அழுதழுது கண் வீங்கியிருந்துது. இவர் இருந்தும் இராமலும், "பிள்ளை, நான் நேற்று..." எண்டு தொடங்கினார்.

அவள் விடேல்ல. "நேத்து நீங்க போட்டது சரி சேர். நான்தான் மற்றப் பக்கம் திரும்பினன். வாப்பாட்ட அப்பவே சொல்லிற்றன், சேரில கோவிக்க வேணாமெண்டு."

எனக்கு அங்கையே நிலத்துக்க போயிடலாம் போல இருந்துது.

"ஓம் பிள்ளை, நேற்றையான் சரி" எண்டார் இவர். "போன வருசத்தையான்தான் பிழை."

நானா நிமிந்தார். "போன வருசம் சமமாத்தானே போட்டீங்க?"

"ஓம் நானா. அதுதான் பிழை. உங்கட பிள்ளையள் எங்கட பிள்ளையளை விட எவ்வளவோ நல்லாச் செய்தவை. எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் சமனாய்ப் போட்டனான். ஒருத்தரின்ர வாயிலயும் விழாமல் இருக்க. எனக்கு நல்ல பேர் வாறதுக்கு உங்கட பிள்ளையின்ர இடத்தைக் குடுத்திட்டன்."

நானா எழும்பி வாசல் மட்டும் போய்த் திரும்பி வந்தார். ஏசினா நல்லாயிருக்கும், அடிச்சாலும் நல்லாயிருக்கும் எண்டு எனக்குப் பட்டுது. பிறகு, சின்னப் பிள்ளை கேக்கிற மாதிரிக் கேட்டார்:

"அண்டைக்கு ரீவியில அந்த ரஷ்யாக்காரனுக்கு மாத்திப் போட்டாங்களே மாஸ்டர்? இதை மாத்த ஏலாதா?"

"ஏலாது நானா. அங்க சனம் அந்த இடத்திலயே கூவினது. நீங்கள் என்ர கையைப் பிடிச்சு வாழ்த்தினனீங்கள்."

ஷிஹானா கதிரையின்ர முதுகைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாள். "சேர், எங்களுக்கு எவ்வளவு போட்டிருக்க வேணும்?"

"எண்பத்தெட்டு."

"அவங்களுக்கு?"

"எண்பத்தொண்டு."

அவள் கதிரையில இருந்து கையை எடுத்தாள். திட்டப் போறாள், திட்டட்டும் எண்டு நான் நினைச்சன். அவள் சட்டெண்டு திரும்பிக் குசினிக்கு ஓடினாள். நேற்று முழுக்க அழுத பிள்ளையின்ர குரல் மாதிரியே இல்லை, வீடு முழுக்கக் கேட்டுது.

"உம்மா! உம்மா! போன வருசம் நாங்கதான் வெண்டிருக்கிறம்!"

தாளிக்கிற சத்தம் நிண்டுது. இவர் ரெண்டு கையாலயும் முகத்தைப் பொத்திக்கொண்டு கதிரையில சரிஞ்சார்.